எது வீண்செலவு? செருப்பு முதல் கைப்பேசி வரை வாங்கும் உரிமையின் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் சுந்தரபாண்டியம் கைத்தறி நெசவும் வயல்வேலையும் சார்ந்து வாழும் பேரூர். இங்கிருந்து நாள்தோறும் காலைப் பேருந்துகளில் மாணவர்கள் கல்லூரிக்கும், தொழிலாளர்கள் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்து ஆலைகளுக்கும் செல்கின்றனர். அவர்கள் கையில் கைப்பேசி உண்டு. காலில் நல்ல செருப்போ காலணியோ உண்டு. சிலர் தவணையில் வாங்கிய இருசக்கர வண்டியில் செல்கின்றனர்.

இந்தப் பொருள்களைப் பார்த்து எழும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். “கூலிக்குப் போறவனுக்கு எதுக்குப் பதினஞ்சாயிரம் ரூவாய்க்குப் போனு?” “நூறு நாள் வேலைக்கு வர்றதுக்கு வண்டி வேறயா?” “ஓட்டு வீட்டுக்கு எதுக்கு ஃபிரிட்ஜ்?” சுந்தரபாண்டியத்துக்கு மட்டும் உரிய பேச்சு அன்று இது. தமிழகத்தின் எந்தத் தேநீர்க்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கலாம். பேசுபவர் இதை அக்கறை என்றே கருதுகிறார். ஏழை சிக்கனமாக இருக்க வேண்டும், காசின் அருமை தெரிய வேண்டும் என்கிறார்.

இந்தப் பேச்சில் இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று ‘வீண்செலவு’, மற்றொன்று ‘தகுதிக்கு மீறிய செலவு’. முதற்சொல் பணத்தைப் பற்றியது. கொடுத்த காசுக்குப் பொருள் தேறுமா என்று அது கேட்கிறது. இரண்டாவது சொல் பொருளை விட்டுவிட்டு, வாங்கியவர் யார் என்று பார்க்கிறது. நம் சமூகத்தில் இரண்டாவது கேள்வியே முதற்கேள்வியின் உடையில் வருகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

1930: எழுதப்பட்ட பட்டியல்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் உருவாவதற்கு முன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. திருவில்லிபுத்தூர் வட்டமும் அதில் அடங்கியிருந்தது. அப்பெரிய மாவட்டத்தில், 1930 திசம்பரில், ஆதிதிராவிடர் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அத்தடைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தங்க, வெள்ளி நகைகள் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் சூடிப் பூசிக்கொள்ளக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது; செருப்பு அணியக் கூடாது.

இதைக் கடைக்காரரின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சட்டை, பனியன், செருப்பு, குடை, பித்தளைக் குடம், ஒரு முழம் பூ, ஒரு துண்டு மஞ்சள். அன்றாடச் சந்தைச் சாமான்களின் பட்டியல் இது. இவற்றுள் எதுவும் ஆடம்பரம் ஆகாது. தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன.

அடுத்த ஆண்டு, 1931 சூனில், தடைகள் பதினொன்றாக விரிந்தன. இந்த இரண்டாம் பட்டியலைக் கூர்ந்து நோக்க வேண்டும். நகையும் துணியும் செம்புக் குடமும் மீண்டும் தடுக்கப்பட்டன. அவற்றுடன், பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது, நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்தன. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைத்தால் ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா என்று கூலியும் குறிக்கப்பட்டது.

செருப்பையும் குடத்தையும் தடுத்தவர்களே கூலிக்கும் உச்சவரம்பு கட்டினார்கள், நிலத்தையும் பறித்தார்கள் என்பதே இப்பட்டியல் தரும் பாடம். ஒருவர் என்ன வாங்கலாம் என்று வகுப்பதும், அவர் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று வகுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். இன்றைய தேநீர்க்கடைப் பேச்சையும் இவ்வாறே சோதிக்கலாம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் ஊதியம் 336 ரூபாயாக இருந்தது. 15,000 ரூபாய்க் கைப்பேசி என்பது ஏறத்தாழ 45 நாள் உழைப்பு. இதில் கைப்பேசியின் விலை, கூலியின் அளவு என இரண்டு எண்கள் உள்ளன. விலை அதிகம் என்று சொல்பவர்கள் கூலி குறைவு என்று ஏன் சொல்வதில்லை?

நெய்யும் உலோகக் குடமும்

இது இராமநாதபுரத்தின் தனிக்கதை அன்று. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்காட்டுகிறார். 1935 நவம்பரில், அகமதாபாத் மாவட்டத்தின் சானு என்னும் ஊரில், ஓரளவு வசதி பெற்ற தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் நீர் கொண்டுவரத் தொடங்கியதற்காகத் தாக்கப்பட்டனர். 1936 ஏப்பிரலில், செய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாராவில், தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். உணவில் நெய் பரிமாறப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் தடிகளுடன் வந்து உணவைப் பாழ்படுத்தி, உண்டவர்களை அடித்தனர்.

சக்வாராவில் நெய் வாங்கக் காசு இருந்தது. வாங்கும் வசதி இருந்தாலும் தீண்டப்படாதவர் நெய் உண்பது திமிர் என்று கருதப்பட்டதையே அம்பேத்கர் சுட்டுகிறார். வறுமை நீங்கினால் சாதி தானே கரைந்துவிடும் என்று நம்புவோருக்கு இந்நிகழ்வு போதுமான மறுமொழி.

இதனால்தான் விடுதலைப் போராட்டத்தின் பல தொடக்கங்கள் ஒரு பொருளை வாங்குவதிலிருந்தே பிறந்தன. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். நல்ல உடையும் தலைப்பாகையும் அணிந்து, தம் மக்கள் நடக்கவும் தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். நடந்தே போகக்கூடிய தொலைவுக்கு மாட்டுவண்டி எதற்கு என்று கேட்டிருந்தால், பணக்கணக்கில் அதுவும் வீண்செலவே. ஆனால் அந்தச் சாலை திறந்தது அவ்வண்டியின் சக்கரத்தினால்தான்.

1927 திசம்பரில் மகாடு மாநாட்டில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், உடையையும் நகையையும் பற்றியே விரிவாகப் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் கனத்த வெள்ளி அணிகலன்களைக் கழற்றிவிடுங்கள், மற்றப் பெண்களைப் போலச் சேலை உடுத்துங்கள், கிழிந்த துணியாயினும் துவைத்துத் தூய்மையாக உடுத்துங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று அவரும் சொன்னார். வாங்குபவர் நிமிர்ந்து நிற்க இப்பொருள் உதவுமா என்பதே அவருடைய அளவுகோல்.

உடைக்கப்பட்ட பொருள்கள்

ஒரு பொருளின் மதிப்பை அதை வாங்கியவரைக் காட்டிலும் அதை உடைப்பவர் சில வேளைகளில் நன்கு அறிந்திருக்கிறார். 1995 ஆகத்து 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்தனர். வெளிநாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தால் அவ்வூரின் தலித் குடும்பங்கள் ஓரளவு வசதி பெற்றிருந்தன. தொலைக்காட்சிகள், மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தத் திருமணத்தோடு எத்தொடர்பும் இல்லாத குடும்பங்களின் வண்டிகளும் வீட்டுப் பொருள்களும் எரிந்தன. நகையும் பணமும் கொள்ளை போயின. பெங்களூரு போன்ற நகரங்களுக்குச் சென்று உழைத்துச் சேர்த்த பொருள்கள் அவை. அதே காலத்தில் பா.ம.க. நிறுவனர் ச. இராமதாசு, தலித் இளைஞர்கள் சீன்சும் டி-சர்ட்டும் குளிர்கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களைக் கவர்கிறார்கள் என்று பேசிவந்தார். ஒரு கால்சட்டையும் ஒரு கண்ணாடியும் அரசியல் குற்றச்சாட்டு ஆயின.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் வண்டி ஓட்டியதைப் பொறுக்காமல் ஆதிக்க சாதியினர் தாக்கினர் என்று குடும்பத்தினர் புகார் அளித்தனர். மூவர் கைது செய்யப்பட்டனர். சிவகங்கையும் அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிலமே. குடைக்கும் செருப்புக்கும் தடை எழுதிய 1930க்கும் இந்தப் புகாருக்கும் இடையில் 95 ஆண்டுகள் கடந்துள்ளன.

பொருளியல் என்ன சொல்கிறது?

ஆடம் சுமித்தும் இக்கேள்வியைத் தொட்டிருக்கிறார். 1776இல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ நூலில், அத்தியாவசியப் பொருள் எது என்று அவர் ஆராய்கிறார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையானது அன்று. பண்டைய கிரேக்கர் அது இல்லாமலே வாழ்ந்தனர். ஆயினும் தம் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாட்கூலித் தொழிலாளி அச்சட்டையின்றிப் பொதுவெளியில் தோன்ற வெட்கப்படுவார். எனவே அதுவும் அத்தியாவசியமே என்கிறார். இங்கிலாந்தில் தோல் காலணிக்கும் இதே நியாயத்தைக் கூறுகிறார். வெட்கமின்றி நாலு பேர் முன் நிற்க எது வேண்டுமோ, அது தேவையே ஆகும்.

அமெரிக்காவில் கெர்வின் சார்லசு, எரிக் அர்சுட், நிக்கோலாய் ரூசனோவ் ஆகிய மூவர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கறுப்பினத்தவரும் இசுபானியரும், ஒத்த நிலையில் உள்ள வெள்ளையரைவிட, உடை, நகை, வண்டி முதலிய கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குச் செலவின் கூடுதலான பங்கை ஒதுக்குகின்றனர் என அது கண்டது. இதை அந்த இனத்தின் குணம் என்று சொல்லிவிட முடியாது. தம்மைச் சுற்றியுள்ள சமூகம் ஏழ்மையானது என்று அறியப்பட்டிருக்கும்போது, தாம் அப்படியல்ல என்று காட்டவேண்டிய கட்டாயம் கூடுகிறது. ஏழ்மையான சூழலில் வாழும் வெள்ளையரிடமும் இதே போக்கு உண்டு என்று அவர்கள் விளக்கினர். பிறர் உங்களை மதிப்பார்கள் என்பது முன்கூட்டியே உறுதியானால், பழைய சட்டையுடன் வங்கிக்குச் செல்லலாம். அந்த உறுதி இல்லாதவர் சலவைச் சட்டைக்குக் காசு கொடுத்தாக வேண்டும். எளிமையும் ஒரு சலுகையே. எல்லோராலும் அதை அனுபவிக்க இயலாது.

கைப்பேசிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் கடவுஎண், தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, அரசுப் பணித் தேர்வு அறிவிப்பு அனைத்தும் அதன் வழியே வருகின்றன. அது இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரி, ஒவ்வொரு படிவத்துக்கும் யாரேனும் ஒருவரின் தயவை நாட வேண்டியிருக்கும். முன்பு ஊரில் தொலைக்காட்சி இருந்த வீட்டின் வாசலுக்கு வெளியே நின்று படம் பார்த்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. சொந்தத் தொலைக்காட்சி அவர்களுக்கு என்ன தந்தது என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

விலக்கலின் விலை

நம்மவர் செலவில் மற்றொரு வகை உண்டு. பிறருக்கு அருகிலேயே, குறைந்த செலவில் கிடைப்பது நமக்கு மறுக்கப்படுவதால் வரும் செலவு அது. இதனை விலக்கலின் விலை என்று அழைக்கலாம்.

உள்ளூர் முடிதிருத்தகத்தில் வெட்ட மறுத்தால் நகருக்குச் செல்ல வேண்டும். முடிவெட்டும் கூலியோடு பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலி இழப்பும் சேர்கின்றன. இத்தகைய மறுப்பு குறித்த வழக்குகள் தமிழகத்தில் இன்றும் பதிவாகின்றன. ஊர்ப் பொதுமண்டபம் கிடைக்காதபோது நகரில் திருமண மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டும். தனிக் குவளை வைக்கும் கடையில் தேநீர் அருந்த மனமில்லாதவர், அடுத்த ஊர்க் கடைக்கு வண்டியில் செல்ல வேண்டும். வெளியில் நின்று பார்ப்பவர் பெட்ரோல் செலவை மட்டும் பார்த்து வீண் என்கிறார். உள்ளூர்க் கடையின் குவளை அவர் கண்ணில் படுவதில்லை.

காசு இருந்தும் வாங்க இயலாத நிலைக்கு அண்மைச் சான்று பாஞ்சாகுளம். இராசபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகில் உள்ள ஊர் அது. 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்கக் காசுடன் வந்த தலித் பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் இனி அவர்களுக்குப் பொருள் தர முடியாது என்று கடைக்காரர் கூறும் காணொளி பரவியது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அவ்வூருக்குள் நுழைய நீதிமன்றம் தடையும் விதித்தது. ஒரு மிட்டாய் பணத்துக்குத் தகுமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அக்குழந்தைகளின் கையிலிருந்த காசு காசாக ஏற்கப்படவில்லை.

நமக்குள் கேட்க வேண்டியவை

அப்படியானால் நம் மக்கள் செய்யும் எச்செலவும் சரியானதா? இல்லை. சந்தை நம் தன்மான வேட்கையை அறிந்திருக்கிறது. அதையே விலையாக்கி விற்கிறது. முன்பணமில்லாத தவணை என்று சொல்லி வண்டியை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம், இரண்டு தவணை தவறினால் அதே வண்டியை நடுத்தெருவில் பறித்துச் செல்கிறது. அந்த அவமானம், வண்டி தந்த பெருமிதத்தைவிடக் கொடியது. மதுக்கடையில் கரையும் கூலியைத் தன்மானச் செலவு என்று எவரும் வாதிட முடியாது. மாலை மரியாதைக்கும் பதாகைக்கும் வட்டிக்கு வாங்குவதும் அவ்வாறே.

ஆகவே பொருளைவிட, அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச்சட்டம் உண்டு. ஆயினும் அவசரத்துக்குக் கடன் தருபவர் பல ஊர்களில் அதே நிலவுடைமையாளரோ அவருடைய உறவினரோதான். அவரிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கும் புதுச்சட்டை, 1931ஆம் ஆண்டுப் பட்டியலின் கூலி விதிக்குள் நம்மை மீண்டும் தள்ளிவிடக் கூடும். வாரத்தவணைக் குழுக்கடனில் சிக்கிய பெண்களுக்கு இது நன்கு தெரியும்.

இந்த உரையாடல் நமக்குள் நடக்க வேண்டும். நடத்துபவர்கள் நாமாகவே இருக்க வேண்டும். தாய் மகனிடம் கேட்கலாம்; தோழர் தோழரிடம் கேட்கலாம். அவர்கள் கேட்பது அந்த மகனும் தோழரும் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காக. தன் வீட்டுத் திருமணத்துக்குப் பல இலட்சம் செலவிடுவதைக் கௌரவம் என்றும், பிறர் வீட்டுக் குளிர்பெட்டியைத் திமிர் என்றும் அழைப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. ஒரு கேள்வி எல்லாச் சாதியினரிடமும் ஒரே குரலில் கேட்கப்பட்டால் அது சிக்கனம். ஒரு சேரியை நோக்கி மட்டும் கேட்கப்பட்டால் அது சாதி.

சட்டம் கையில் இருக்கிறது

அரசியலமைப்பின் 15(2) பிரிவு, சாதியின் பெயரால் எவரையும் கடைகளுக்குள் நுழையத் தடுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படிக்க வேண்டும். பொதுவிடங்களில் பட்டியல் சமூகத்தினர் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும், பொதுவிடத்தில் எல்லோருக்குமாக வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்த விடாததும் அதே பிரிவில் அடங்கும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக்குற்றம். கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கும், அவர் பட்டியல் சமூகத்தைச் சேராதவராயின், 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

செருப்பும் மிதிவண்டியும் புத்தாடையும் நாடாளுமன்றச் சட்டத்துக்குள் இடம்பெற வேண்டியிருந்தது என்பதே இந்நாட்டின் நிலையைச் சொல்லும். 1930இன் தடைப்பட்டியலுக்கு எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட எதிர்ப்பட்டியலாக இப்பிரிவைக் கருதலாம்.

களத்தில் பணியாற்றும் தோழர்களுக்கு இறுதியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. வண்டி, கைப்பேசி, தொலைக்காட்சி, நகை எதை வாங்கினாலும் அதன் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஒளிப்படம் எடுத்து வேறொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். வீடுகள் சூறையாடப்பட்ட பிறகு, என்னென்ன இருந்தன, அவற்றின் மதிப்பு என்ன என்ற கேள்வி எழும். அன்று அந்த ரசீது வழக்கிலும் இழப்பீட்டுக் கணக்கிலும் துணைநிற்கும். உழைத்து வாங்கிய பொருள் இது என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று.